கஞ்சாவைக் கண்காணிக்கும் அரசுக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை: யாருக்காவது விவரம் தெரியுமா?

வாவிக்கரை (கல்லடி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வேலை வந்திருக்கிறது. விளங்கப்படுத்திச் சொல்ல ஆள் தேடுகிறேன்.

வந்தாறுமூலையில் கணினி படித்தேன். இப்போது கல்லடியில் வீட்டில் இருந்தபடி ஒரு கொழும்பு நிறுவனத்துக்கு மென்பொருள் சோதனை செய்கிறேன். இதுவரை பார்த்தது சுப்பர் மார்க்கட் ஸ்டொக் கணக்கு. அதே நிறுவனம் இப்போது ஓர் அமெரிக்க வாடிக்கையாளருக்கு ஆள் எடுக்கிறது. அந்த வாடிக்கையாளர் கஞ்சா வளர்ப்பவரும் இல்லை, விற்பவரும் இல்லை. கஞ்சா சட்டபூர்வமான மாநிலங்களில் அதைக் கட்டுப்படுத்துகிற அரச அலுவலகங்களுக்கு மென்பொருள் கொடுப்பவர். செடியில் இருந்து கடை வரைக்கும் ஒவ்வொரு கிராமும் எங்கே போனது என்று பின்தொடரும் முறையாம். நேர்முகம் அடுத்த கிழமை.

அந்த அரச அலுவலகம் உண்மையில் எதைப் பார்க்கிறது? சோதிக்கிற ஆள் எங்கே கண் வைக்க வேண்டும்? இதனால் பிறகு விசா, வங்கி என்று ஏதும் சிக்கல் வருமா?

அடுத்தது வீடு. அம்மா அந்தப் பெயரைக் கேட்டதும் கறியை அடுப்பில் விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். மாமா கோயில் வண்ணக்கர், கோயில் நிர்வாகமும் கணக்கும் பார்க்கிறவர். "ஊருக்குள்ள என்னெண்டு மகள் சொல்லுற?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனவர், இன்னும் பேசவில்லை.

களுவாஞ்சிகுடிப் பொடியன் எழுதியது:

சாம்பிள் தருவாங்களா? சும்மா கேட்டேன் அக்கா, கோபிக்காதீங்க.

படுவான்கரையான் (ஸ்காபரோ) எழுதியது:

தங்கச்சி, நான் வெல்லாவெளிப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற ஒரு கஞ்சாத் தோட்டத்தில் பதிவேட்டுப் பகுதியில் இருக்கிறேன். அதாவது உங்கள் மென்பொருள் யாரைப் பிடிக்கப் பார்க்கிறதோ, நான் அந்தப் பக்கத்து ஆள். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொலராடோவும் வொஷிங்டனும் 2012 இல் வாக்கெடுப்பு வைத்து அனுமதித்தன. அமெரிக்க மத்திய சட்டத்தில் அப்போதும் அது தடைதான். 2013 ஆகஸ்டில் மத்திய நீதித் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை விட்டது. சிறுவர் கைக்குப் போகாமல், பக்கத்து மாநிலத்துக்குக் கசியாமல், குற்றக் கும்பலுக்குக் காசு சேராமல் இறுக்கிப் பிடித்தால் நாங்கள் பெரிதாகத் தலையிட மாட்டோம் என்பதுதான் அதன் சாரம். 2018 ஜனவரியில் அதை மீளப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் மாநிலங்கள் செடிக்குச் செடி கணக்கு வைக்கப் பழகிவிட்டன. கனடாவில் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம், 2018 ஒக்டோபர் 17 முதல். அதனால் இங்கே இவ்வளவு கெடுபிடி இல்லை. சுகாதாரத் திணைக்களத்துக்கு மாதம் ஒருமுறை இருப்புக் கணக்கு அனுப்பினால் போதும்.

கொலராடோவில் மெட்ரிக் என்ற மென்பொருள் ஓடுகிறது. நாற்றுகளைத் தொகுதியாகப் பதிவார்கள். செடி வளர்ந்ததும் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உள்ள ஒரு ரக் (அடையாளச் சீட்டு) கட்டுவார்கள். வெட்டும்போது ஈர நிறை, காய்ந்த பிறகு உலர் நிறை, கழிவின் நிறை, எல்லாம் ஏற வேண்டும். பொதி கட்டினால் பொதிக்கு வேறு ரக். ஆய்வுகூட முடிவு வராமல் பொதி அசையாது. லொறியில் ஏற்றினால் வண்டி இலக்கம், சாரதி, போகும் பாதையோடு ஒரு சீட்டு. கடைக்காரர் நிறுத்துப் பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் சரக்கு அவருடைய கணக்கில் விழும்.

இதை எல்லாம் காட்டும்போது நேர்முகத்தில் ரக்கைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். நீங்கள் நிறையைப் பற்றிக் கேளுங்கள். களவு நடக்கிற இடம் அது. வயலில் அப்பா ஒரு பிடி நெல்லை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்து, மூடைக்கு எவ்வளவு காயும் என்று சொல்லிவிடுவார். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதன் கேட்கும், தரகர் வேறு கணக்குச் சொல்வார், நடுவில் போகிற கிலோ யாருடையது என்பதில்தான் சண்டை. இங்கேயும் அதே சண்டை. கஞ்சாப் பூ காய்ந்தால் ஈர நிறையில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று அளவில் நிற்கும். கள்ளக் கணக்குக்காரர் ஈர நிறையைக் குறைத்துப் போடுவார், அல்லது காய்ந்து குறைந்த நிறையையும் கழிவையும் உள்ளதை விடக் கூட்டிப் போடுவார். மிச்சம் பின்கதவால் போகும். எதிர்ப்பக்கமும் உண்டு. வெளியே மலிவாக வாங்கிய கள்ளச் சரக்கை, விளையாத செடியின் பெயரில் உள்ளே ஏற்றிச் சட்டபூர்வமாக்குவது. அந்தத் தோட்டத்தில் ஒரு செடி மட்டும் அண்டா அண்டாவாக விளைந்திருக்கும்!

அதனால் கட்டுப்பாட்டு அலுவலகம் தேடுவது விலகலை. ஒரே அளவு அறை, ஒரே இனம், ஆனால் செடிக்கு விளைச்சல் மற்றவர்களில் பாதி. ஏன்? எல்லா அறுவடையும் கடுகளவும் மாறாமல் ஒரே வீதத்தில் காய்ந்திருக்கிறது. ஏன்? உண்மையான இலை அப்படிக் காயாது, கதிரையில் இருந்து தட்டச்சு செய்தால்தான் அப்படி வரும். கழிவையும் பாருங்கள். கொலராடோவிலும் வொஷிங்டனிலும் கழிவைக் குறைந்தது பாதிக்குப் பாதி வேறு குப்பையோடு அரைத்துக் கலந்து, ஒருவரும் திரும்ப எடுக்க முடியாதபடி செய்த பிறகே வீச வேண்டும் என்று விதி வைத்தார்கள். கலந்த பிறகு எடுத்த நிறையைக் கஞ்சாக் கழிவு என்று போட்டால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். உங்கள் மென்பொருள் அதைக் கேள்வி கேட்கிறதா என்று சோதிக்கலாம்.

ஆய்வுகூடம் இன்னொரு ஓட்டை. பரிசோதனைக்குக் காசு கட்டுவது வளர்ப்பவர். போதை தரும் பொருளான டிஎச்சியின் வீதம் கூடினால் விலை கூடும். ஆகவே கூட்டிப் போடும் ஆய்வுகூடத்துக்குத்தான் ஆட்கள் போவார்கள். ஒரு கூடத்தின் முடிவுகள் எல்லாம் 30 வீதத்துக்குச் சற்று மேலே குவிந்து கிடந்தால் யாராவது வண்டியெடுத்துப் போய்ப் பார்க்க வேண்டும். சோதனைக்கு ஒரு கணக்கும் தருகிறேன். பச்சைப் பூவில் டிஎச்சியின் பெரும்பகுதி அமில வடிவில்தான் இருக்கும், சூடாக்கினால் அது டிஎச்சியாக மாறும்போது நிறையில் கொஞ்சம் போய்விடும். அதனால் அமில வடிவத்தை 0.877 ஆல் பெருக்கித்தான் மொத்தம் எடுப்பார்கள். அமிலம் 25 வீதம், டிஎச்சி 1 வீதம் என்றால் மொத்தம் 22.925. திரையில் 26 வந்தால் பிழை.

விசா விஷயம். 2018 இல் கனடாவில் சட்டம் வந்தபோது அமெரிக்க எல்லைக்காரர் தெளிவாகவே சொன்னார்கள்: இந்தத் தொழிலில் இருக்கும் கனடாக்காரர் வேறு அலுவலாக வந்தால் பொதுவாக விடுவோம், அந்தத் தொழில் சம்பந்தமாக வந்தால் மறுக்கலாம். ஆகவே ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் மென்பொருள் சோதனை என்று இருக்கட்டும். அந்த வாடிக்கையாளருக்குக் காசு யார் கட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். மாநில அரசா, வளர்ப்பவர்களா? பல இடங்களில் ஒப்பந்தம் அரசோடு, ரக்குக் காசு மட்டும் வளர்ப்பவரிடம். கொலராடோவில் செடி ரக் ஒன்று 45 சதம், பொதி ரக் 25 சதம் என்று இருந்தது.

கல்முனை மதுவரி ஐயா எழுதியது:

மகள், நான் மதுவரித் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். கஞ்சாவைப் பிடித்து நீதிமன்றத்தில் ஒப்படைத்துத்தான் பழக்கம், வளர்க்கக் கணக்கு வைத்துப் பழக்கமில்லை. ஆனால் சாராயக் களஞ்சியத்துக்குக் கணக்குப் பார்த்திருக்கிறேன். ஸ்காபரோத் தம்பி சொல்வது சரி. தாங்கிக்குள் அளவுகோலை விட்டு, நீரமானியில் செறிவு பார்த்து, பிறகு புத்தகத்தை விரிக்க வேண்டும். புத்தகத்தை முதலில் பார்த்தால் அந்த எண் மனதில் ஒட்டிக்கொள்ளும், அளவுகோலிலும் அதையே வாசிப்பீர்கள். எனக்குப் பழக்கிய மூத்த அதிகாரி புத்தகத்தின் மேல் தன் தொப்பியை வைத்துவிட்டுத்தான் தாங்கிக்கு நடப்பார்.

உங்கள் மென்பொருளில் பரிசோதகர் களத்தில் நிற்கும்போது, தோட்டக்காரர் போட்ட நிறையை மறைத்து வைத்து, தன் தராசு எண்ணைப் போட்ட பிறகு இரண்டையும் காட்டும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள்.

ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். இங்கே சாராயப் போத்தலுக்குப் பாதுகாப்பு ஸ்டிக்கர் வந்தது, போலி ஸ்டிக்கரும் பின்னாலேயே வந்தது.

மாமாவைப் பற்றி. முடி நரைக்கும் வரைக்கும் சாராயத்தின் பக்கத்தில் நின்றவன் நான், ஊரில் என்னைக் கோயில் கணக்குப் பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். மறைக்க வேண்டாம். அரசாங்கத்துக்காகக் கள்ளக் கணக்குப் பிடிக்கிற வேலை என்று நேரே போய்ச் சொல்லுங்கள். வண்ணக்கருக்குக் கணக்கென்றால் விளங்காமல் போகாது.

அக்கரைப்பற்று ஆதம் எழுதியது:

எல்லாரும் நல்லாச் சொல்றீங்க. எனக்கு ஒன்று இடிக்குது. சியம்பலாண்டுவப் பக்கம் சேனையில் செடி வளர்த்தவனை அதிரடிப்படை பிடித்த படம் அடிக்கடி பத்திரிகையில் வரும். அவனுக்கு 1929 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் கட்டளைச்சட்டம். மீரிகமவில் ஏற்றுமதிக்கென்று கஞ்சா வளர்க்க 64 ஏக்கர், 7 வெளிநாட்டு முதலீட்டாளர் என்று 2025 இல் செய்தி வந்தது. அவனுக்குச் சிவப்புக் கம்பளம். அமெரிக்காவிலும் இதுதானே? செடிக்கு 45 சதம் கட்ட முடிந்தவன் வியாபாரி, முடியாதவன் குற்றவாளி. தங்கச்சி யாருக்கு உதவி செய்யப் போறா என்று யோசித்துப் பார்க்கட்டும். வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

படுவான்கரையான் எழுதியது:

ஆதம் காக்கா, சின்னத் தோட்டக்காரருக்குப் பாரம் கூட என்பது உண்மை. ரக்குக் காசை விட, நாள் முழுக்க அதைப் பதிய ஓர் ஆள் வைக்கிற சம்பளம்தான் அவர்களை விழுத்துகிறது. ஆனால் 2019 இல் அமெரிக்காவில் ஆவியாக இழுக்கும் குழாயால் நுரையீரல் கெட்டு 2020 பெப்ரவரி வரைக்கும் 2,807 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 68 பேர் செத்தார்கள். விட்டமின் ஈ அசிட்டேற் கலந்த எண்ணெய்தான் முக்கிய காரணம். பெரும்பாலும் நண்பர், இணையம், தெரு என்று வாங்கிய டிஎச்சிக் குழாய்கள். அதில் எந்தக் குழாய் யார் நிரப்பியது என்று தேடிப் போக ஓர் இலக்கமும் இல்லை. ரக் இருந்தால் பொதியைத் திருப்பி எடுக்கலாம். மீரிகம பற்றி உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

தங்கச்சிக்கு இன்னொன்று. வொஷிங்டன் மாநிலம் 2018 பெப்ரவரியில் புது மென்பொருளுக்கு மாறியது. ஒரே குழப்பம். சரக்கு கையில் இருக்கும், திரையில் இராது. கடைசியில் 2021 டிசம்பரில் அதைக் கைவிட்டு, உரிமக்காரர் சிஎஸ்வி கோப்பு (வெறும் அட்டவணைத் தரவு) ஏற்றுகிற எளிய முறைக்கு இறங்கினார்கள். பழைய தரவைப் புது முறைக்கு மாற்றும் கட்டத்தில் நல்ல சோதனையாளர் எவ்வளவு தேவை என்று நேர்முகத்தில் இதை வைத்துப் பேசுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆதம் காக்கா கேட்டது மனதில் கிடக்கிறது. ரக்குச் செலவையும் சிறு வளர்ப்பாளர்களையும் பற்றி நேர்முகத்தில் கேட்கப் போகிறேன், பதிலைப் பார்த்து முடிவெடுக்கிறேன். ஐயா சொன்னபடி மாமாவிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நீதான் அவனுகளைப் பிடிக்கிற ஆளா?" என்றார். அம்மாவுக்கு இன்னும் சரி வரவில்லை.

ஒரு தொழில்நுட்பக் கேள்வி. நேர்மையான வேலையாள் 410 கிராமை 4,100 என்று தட்டிவிட்டால்? மென்பொருள் தடுக்க வேண்டுமா, விட வேண்டுமா?

படுவான்கரையான் எழுதியது:

தடுக்கக் கூடாது. தடுத்தால் ஆட்கள் மென்பொருள் ஏற்கிற எண்ணைப் போடப் பழகுவார்கள், பிறகு உங்களுக்கு உண்மை ஒருநாளும் கிடைக்காது. "வழமையை விடப் பத்து மடங்கு, சரிதானா?" என்று கேட்க வேண்டும். திருத்தினால் பழைய எண் அழியாமல் இருக்க வேண்டும். யார், எத்தனை மணிக்கு, என்ன காரணம் என்று பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கல்முனை மதுவரி ஐயா எழுதியது:

காரணப் பட்டியலில் 'பதிவுப் பிழை' என்று ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரே ஆள் அதை மாதத்தில் எத்தனை தரம் தெரிவுசெய்கிறார், எந்தக் கிழமை, எந்த நேரம் என்று அறிக்கை எடுக்க முடியுமா என்று கேளுங்கள் மகள். வெள்ளிக்கிழமை பின்னேரத்தை முதலில் பாருங்கள்.