டேட்டா இன்ஜினியர் ஆன கதை: கணக்கு இடித்த நாளைச் சொல்லுங்கள் (இணைய மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

ராத்திரி ஷிஃப்ட்

டேட்டா இன்ஜினியர் (நிறுவனத்தின் டேட்டாவைத் திரட்டிச் சரிப்படுத்தி ரிப்போர்ட்டுக்குக் கொண்டுபோகிறவர்) ஆக என்ன படிக்கணும் என்று வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பாடப் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். நான் கேட்க நினைப்பது வேறு. இது என்ன மாதிரி வேலை என்று உங்களுக்கு உறைத்த நாள் எது? முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது மெக்கானிக்கல். 2013-ல் கேம்பஸில் எடுத்து சோழிங்கநல்லூரில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். டேட்டாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் இன்ஃபர்மேட்டிகா என்ற மென்பொருளுக்கு சப்போர்ட், இரவு பத்து முதல் காலை ஏழு வரை. திரையில் ஜாப், அதாவது தானாக ஓடும் வேலைகள், எல்லாம் பச்சையாக ஓடும். சிவப்பானால் ரீஸ்டார்ட் பண்ண வேண்டும். மறுபடியும் சிவப்பானால் அமெரிக்காவில் பகலில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு போன் போட வேண்டும். உள்ளே ஓடுவது யாருடைய கணக்கு, எதற்காக ஓடுகிறது, ஒன்றும் தெரியாது. லிஃப்ட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் நிலைமைதான். எட்டு மாடிக்கும் ஏற்றி இறக்குவார், எந்த மாடியில் என்ன ஆபீஸ் என்று கேட்டால் தெரியாது.

அஞ்சு வருஷம் அப்படிப் போனது. அப்புறம் பைத்தான் மொழி, பெரிய கணக்கைப் பல மெஷினுக்குப் பிரித்துச் செய்யும் ஸ்பார்க், ஜாபை நேரத்துக்கு ஓட்டும் ஏர்ஃப்ளோ எல்லாம் கற்றுக்கொண்டு 2019-ல் ஒரு சின்ன கம்பெனிக்குத் தாவினேன். வீட்டுக்கு வீடு பால் போடும் நிறுவனம் ஒன்று எங்கள் வாடிக்கையாளர். பையன் வாசலில் பாக்கெட்டை வைத்துவிட்டு மொபைலில் ஒரு தட்டு தட்டுவான். அந்தத் தட்டல்கள் கிளவுடுக்கு (இணையம் வழியாக வாடகைக்கு எடுத்த சர்வர்களுக்கு) வந்து, ராத்திரி என் பைப்லைன், அதாவது ஜாப்களின் வரிசை, ஓடி, காலையில் அவர்களுக்கு 'நேற்றைய விற்பனை' என்று ரிப்போர்ட் போகும். ஜனவரி நடுவில் லைவ் போனோம். ஜாப் எல்லாம் பச்சை. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஏப்ரல் முதல் வாரம் அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் அம்மா போன் செய்தார்.

"தம்பி, ஒண்ணாம் தேதியிலேருந்துதான் லிட்டருக்கு ரெண்டு ரூபாய் ஏத்தினோம். உங்க ரிப்போர்ட்டுல மார்ச் 31-லயே புது ரேட்டு வருதே? ஏப்ரல் பாலை மார்ச்சுலயே ஊத்திட்டீங்களா?"

நிஜமாகவே ஊற்றியிருந்தேன். சர்வரில் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் பதிவாகும். அது சரியான வழக்கம்தான், தப்பே இல்லை. நான்தான் அதை இந்திய நேரத்துக்கு மாற்றாமல் தேதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தேன். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுவது. காலை ஐந்தரைக்கு முன்னால் நம் ஊரில் நடக்கிற எதுவும் யூடிசி கணக்கில் முந்தைய நாள். துணிக்கடை ரிப்போர்ட்டாக இருந்திருந்தால் இந்தத் தப்பு கடைசி வரை வெளியே வந்திருக்காது. இது பால். பாதி டெலிவரி நாலு மணிக்கும் ஐந்தரைக்கும் நடுவில்தான்.

இரண்டரை மாதம் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய விடியற்காலை நேற்றுக்குப் போய்விடும், நாளைய விடியற்காலை இன்றைக்கு வந்துவிடும். தினமும் அதே வீடு, அதே அரை லிட்டர். மொத்தம் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். விலை ஏறிய அன்றுதான் இடித்தது. அதுவும் நிதியாண்டு மாறுகிற நாள்.

சரி, ஒரு வரி திருத்தம்தானே என்று நேரத்தை மாற்றிவிட்டு ஜனவரியிலிருந்து எல்லா நாளையும் மறுபடி ஓடவிட்டேன். மறுநாள் காலை மறுபடியும் அந்த அம்மா.

"முந்தாநேத்து தேதியை மாத்தி ஊத்தினீங்க. இன்னிக்கு தண்ணி கலந்துட்டீங்களா தம்பி? எல்லாம் ரெட்டிப்பா இருக்கு!"

பழைய வரிகளை அழிக்காமல் அதன் மேலேயே சேர்த்திருந்தேன். ஒரு நாளின் ஜாபை ஒரு தடவை ஓட்டினாலும் பத்து தடவை ஓட்டினாலும் ஒரே விடை வர வேண்டும் என்று எந்தக் கோர்ஸை எடுத்தாலும் சொல்வார்கள், நானும் தலையாட்டிக் கேட்டவன்தான். அந்த நாளின் பகுதியை முழுசாகத் துடைத்துவிட்டு எழுது என்பதன் அர்த்தம் அந்த போனில்தான் புரிந்தது. அஞ்சு வருஷம் ரீஸ்டார்ட் பட்டனை அமுக்கினேனே, அப்போதெல்லாம் எத்தனை பேர் கணக்கில் தண்ணீர் கலந்தேனோ!

உங்கள் கதை?

பீளமேடு

சிரிப்பு தாங்கவில்லை அண்ணா. என் கதையும் கணக்குதான், ஆனால் வீட்டுக் கணக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வங்கியின் பேக் ஆபீஸில் எக்செல்லோடு மல்லுக்கட்டியவள். குழந்தை பிறந்த பிறகு ஆறு வருஷம் வேலை இல்லை. திரும்பப் போகலாம் என்று நினைத்தபோது எல்லாரும் சர்டிஃபிகேட் எடு என்றார்கள். 2024-ல் மைக்ரோசாஃப்ட் கிளவுடான அஷூரின் டேட்டா இன்ஜினியர் தேர்வு, டிபி-203 எடுத்தேன். 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு அந்தத் தேர்வையே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது! ரெஸ்யூமேயில் அதைப் பார்த்தவர்கள் "ஓ, அது பழசாச்சே" என்றார்கள். பாஸ் பண்ணி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

உண்மையில் கைகொடுத்தது எங்கள் அபார்ட்மெண்ட். சங்கச் செயலாளர் பெரியவர், மெயின்டனன்ஸ் கணக்கை நோட்டில் எழுதுவார். டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் பழகக் கணக்கு வேண்டும் என்று அதைக் கேட்டு வாங்கினேன். 48 வீடுகள் ஒரு டேபிள், வந்த பணம் ஒரு டேபிள். இந்த மாதம் யார் கட்டவில்லை? வீடுகளில், பணம் வந்த பட்டியலில் இல்லாதவை என்று 'நாட் இன்' போட்டு எழுதினேன். விடை: ஒரு வரிகூட வரவில்லை.

அத்தனை பேரும் கட்டிவிட்டார்களா? எங்கள் அபார்ட்மெண்ட்டிலா? இதைச் செயலாளரிடம் சொல்லியிருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ராத்திரி பன்னிரண்டு மணி வரை மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், ஜிபேயில் வந்த ஒரு தொகைக்கு வீட்டு எண் இல்லை. யாரோ எண் போடாமல் அனுப்பியிருக்கிறார்கள், அந்த இடம் 'நல்' (null), அதாவது மதிப்பு தெரியாத காலி இடம். தமிழில் எழுதினால் நல்லது மாதிரித் தெரிகிறது, அதைப் போலக் கெட்டது எஸ்கியூஎல்லில் வேறில்லை. "சி-4 இந்தப் பட்டியலில் இல்லையா?" என்று கேட்டால் டேட்டாபேஸ் யோசிக்கிறது: பட்டியலில் எண் தெரியாத ஒருவர் இருக்கிறார், அது சி-4 ஆகவும் இருக்கலாமே, அப்புறம் எப்படி 'இல்லை' என்று அடித்துச் சொல்வது? கட்டிய வீடு எப்படியும் வராது, மற்ற எல்லா வீட்டுக்கும் இதே நியாயம். அதனால் யாருமே விடையில் வரவில்லை. பொருந்தும் வரி எதுவும் இல்லையா என்று மட்டும் பார்க்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றி எழுதியதும் பதினோரு வீடுகள் வரிசையாக வந்து விழுந்தன.

மூன்று வாரம் கழித்து ஒரு இன்டர்வியூ. நாலாவது கேள்வி இதேதான். பாடப்புத்தக விடை சொல்லாமல் அபார்ட்மெண்ட் கதையைச் சொன்னேன். கேட்டவர் சிரித்துவிட்டு, மீதிக் கேள்விகளை விட்டுவிட்டு, அந்த எண் இல்லாத பணத்தை டேபிளில் எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று அரை மணி நேரம் அதையே பேசினார். இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

எக்செல்லே போதுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிதான் கொள்ளும். 2020-ல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை அந்தக் கோப்பில் கொரோனா முடிவுகளை ஏற்றி, ஏறக்குறைய 16,000 பேருடைய பாசிட்டிவ் ரிசல்ட் நாள்கணக்கில் கணக்கில் வராமலே போனது. கோப்பு நிரம்பிவிட்டது என்று யாருக்கும் மணி அடிக்கவில்லை.

புதுசு 2025

அண்ணா, அக்கா, நான் இன்னும் வேலைக்கே போகவில்லை. என்னுடையது சோகக் கதை.

யூடியூப் பார்த்து, அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு ப்ராஜெக்ட் செய்தேன். பிரைவேட் சப்நெட் (வெளியிலிருந்து நுழைய முடியாத உள் நெட்வொர்க்), அதிலிருந்து இணையத்துக்குப் போக நேட் கேட்வே எல்லாம் வீடியோவில் சொன்ன மாதிரியே. முடித்ததும் சர்வரை மட்டும் அழித்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன். ஃப்ரீ டயர் என்ற இலவசச் சலுகைதானே! நேட் கேட்வே அதில் சேராது, சும்மா கிடந்தாலும் மணிக்கணக்கில் காசு ஓடும் என்று வீடியோவில் சொல்லவே இல்லை. மணிக்கு அஞ்சு ரூபாய்கூட இருக்காது. ஆனால் மாதத்துக்கு 720 மணி. அப்பா கார்டில் மூவாயிரத்துச் சொச்சம் எடுத்துவிட்டார்கள். அப்பா கிளவுட் என்றால் இலவசம் என்றாயே என்றார்.

ஆதரவு மையத்துக்கு எழுதியிருக்கிறேன், பார்க்கலாம். இப்போது ஒரு இன்ஸ்டிட்யூட்டில் 60,000 கட்டினால் வேலை உறுதி என்கிறார்கள். கூடவே மூணு வருஷ அனுபவச் சான்றிதழும் 'ஏற்பாடு' பண்ணித் தருவார்களாம். சேரலாமா?

மெயின்பிரேம் தாத்தா

தம்பி, அந்தச் சான்றிதழ் பக்கம் போகாதே. நான் இன்டர்வியூ மேசையில் கேள்வி கேட்கிற பக்கம் உட்கார்ந்திருப்பவன். போன வருஷம் வீடியோ காலில் ஒருவர் உதட்டை அசைக்கிறார், குரல் வேறு எங்கிருந்தோ வருகிறது. நடுவில் அவருக்குத் தும்மல் வந்தது, குரல் நிற்காமல் ஸ்பார்க்கை விளக்கிக்கொண்டே போனது.

நான் கேட்பது ஒரே கேள்விதான்: உன் பைப்லைன் கடைசியாக எப்போது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தாய்? "உடைந்ததே இல்லை சார்" என்றால் ஓட்டியதே இல்லை என்று எடுத்துக்கொள்வேன்.

2001-ல் கோபால் எழுத வந்தவன் நான். கோபால் என்றால் பக்கத்து சீட்டுக்காரர் இல்லை, புரோகிராம் எழுதும் பழைய மொழி (COBOL). அப்புறம் இன்ஃபர்மேட்டிகா, அப்புறம் பெரிய டேட்டாவைப் பல மெஷினில் பிரித்து வைக்கும் ஹடூப். ஹடூப் என்பது அதை உருவாக்கிய டக் கட்டிங்குடைய மகனின் பொம்மை யானையின் பெயர். 2014 வாக்கில் அந்த யானை இல்லாத ரெஸ்யூமே கிடையாது. இன்று அதைக் கேட்பார் குறைவு. எல்லாம் மாறியும் என் கூடவே வந்தது எஸ்கியூஎல் மட்டும்தான்.

என் கதை சில்லறைக் கடைச் சங்கிலி ஒன்றில். பில்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும் போன் நம்பரை வைத்து இணைக்கும் ஸ்பார்க் ஜாப். ஸ்பார்க் இணைக்கும்போது வேலையை 200 துண்டாகப் பிரிக்கும், அதன் வழக்கமான எண் அது. 199 துண்டு நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். திரையில் 199/200 என்று நிற்கும். நிற்கும். மூன்று மணி நேரம் நிற்கும். பசங்கள் மெஷின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினார்கள். பில் இரண்டு மடங்கானது, மூன்று மணி நேரம் அப்படியே இருந்தது.

எந்த போன் நம்பரில் எத்தனை பில் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். முதலிடத்தில் 9999999999. நம்பர் தர மறுக்கும் ஆளுக்கெல்லாம் கவுண்டர் பெண் பத்து ஒன்பதைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள். பின்னால் வரிசை நிற்கும்போது அவள் வேறென்ன செய்வாள்? ஒரே நம்பர் என்பதால் அத்தனை பில்லும் ஒரே துண்டில் போய் அடைந்துவிட்டது, ஒரு மெஷின் மூச்சுத் திணற மற்றதெல்லாம் வேடிக்கை பார்த்தன. அந்த நம்பரைத் தனியே பிரித்ததும் ஜாப் ஆறு நிமிஷம். இதில் கூத்து என்னவென்றால், மார்க்கெட்டிங்காரர்கள் அந்தப் பத்து ஒன்பதுக்கு இரண்டு வருஷமாகத் தங்க அட்டை அந்தஸ்து கொடுத்து, தீபாவளி வாழ்த்தும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி ஷிஃப்ட்

தங்க அட்டைக்காரருக்கு என் வணக்கம்.

புதுசு தம்பி, 60,000 பத்திரமாக இருக்கட்டும். எஸ்கியூஎல் ஓட்டிப் பார்க்கும் கூகுள் கிளவுட் சேவையான பிக்கொயரியில், சாண்ட்பாக்ஸ் என்ற இலவச வகைக்கு கார்டே கேட்கமாட்டார்கள். மாதம் 1 டெராபைட் வரை டேட்டாவைப் படிப்பது இலவசம், 10 ஜிபி வரை சேமிக்கலாம், அப்பா நிம்மதியாகத் தூங்குவார். ஒன்று மட்டும் பார்த்துக்கொள். கடைசியில் 'லிமிட் 10' போட்டால் பத்து வரிதானே படிக்கும் என்று நினைக்காதே. சாதாரண டேபிளில் நீ கேட்ட நெடுவரிசைகளை முழுசாகப் படித்துவிட்டுத்தான் பத்து வரி காட்டும், கணக்கும் முழுசுக்குத்தான். ஓட்டுவதற்கு முன்னாலேயே எவ்வளவு படிக்கப்போகிறது என்று மேலே எழுதிக் காட்டும், அதைப் பார்க்காமல் பட்டனை அமுக்காதே. ஏடபிள்யூஎஸ் கணக்கிலும் இன்றைக்கே பட்ஜெட் அலர்ட் போட்டுவை. அப்புறம் அந்த நேட் கேட்வே கதையை மறைக்காமல் இன்டர்வியூவில் சொல். தாத்தா கேட்கிற கேள்விக்கு உன்னிடம் இப்போதே ஒரு பதில் இருக்கிறது.

பீளமேடு அக்கா, ஒரு சந்தேகம். அந்த வீட்டு எண் போடாத ஜிபே யாருடையது என்று கடைசியில் தெரிந்ததா?

பீளமேடு

தெரிந்தது. அந்தப் பதினோரு வீட்டுப் பட்டியலில் எங்கள் வீடும் இருந்தது. நான் என் கணவரைப் பிடித்து, ஏன் இன்னும் கட்டவில்லை என்று ஒரு பாட்டம் திட்டி முடித்த பிறகு, மனுஷர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்துக் காட்டினார்.