கப்பல் ரிப்பேரில் நிற்கிறது, ஆனால் வீட்டுக்காரரிடம் பேசத்தான் முடியவில்லை. கடற்படைக் குடும்பத்தினர் யாராவது வழி சொல்லுங்கள்

தறிவீட்டுப் பெண், அம்மாப்பேட்டை

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் கடற்படையில் பெட்டி ஆபீசர், இன்ஜின் பக்கம் வேலை. கப்பல் பெயரையும் ஊரையும் எங்கேயும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. நீண்ட பயணம் போய்விட்டு வந்த கையோடு கப்பலை ரிப்பேருக்கு விட்டுவிட்டார்கள், அதுவும் எங்கள் குவார்ட்டர்ஸ் இருக்கும் ஊரில் இல்லை, வேறு ஊரில். கைக்குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டே திரியும் நான்கு வயதுப் பாப்பாவை வைத்துக்கொண்டு அங்கே தனியாக இருக்க முடியாமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கடலில் இருந்தபோது பேச முடியாது என்று தெரியும், மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது கரையில்தானே நிற்கிறது, தினமும் பேசலாம், மாதம் ஒரு முறை வந்து போவார் என்று நினைத்தேன். நடப்பது நேர்மாறாக இருக்கிறது. காலையில் கேட்டில் போனை வைத்துவிட்டு உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருகிறார், வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரவும் டூட்டி. கிடைக்கிற பத்து நிமிடத்தில் அவர் தூக்கக் கலக்கத்தில் ‘ம்’ போடுகிறார், நான் ‘எப்போ வர்றீங்க’ என்று கேட்கிறேன், அவர் எரிந்து விழுகிறார், அத்தோடு வைத்துவிடுகிறோம். முதலில் பொங்கலுக்குள் முடியும் என்றார்கள். அப்புறம் சித்திரை. இப்போது ஆடி. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு அப்பா வருவார் என்று பாப்பாவிடம் நானே சொல்லித் தொலைத்துவிட்டேன், தினமும் எழுந்ததும் ‘ஆடி வந்துருச்சா’ என்கிறாள்.

இன்னொரு பக்கம் என் மாமியார். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறார், வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, மேட்டுக்கு ஏறி நின்றால்தான் பேச முடியும். 2024 ஜூலையில் மும்பையில் ரிப்பேரில் இருந்த பிரம்மபுத்திரா கப்பலில் தீப்பிடித்து ஒரு மாலுமி இறந்தாரே, அந்தச் செய்தியை டிவியில் பார்த்ததில் இருந்து ரிப்பேர் என்ற வார்த்தையைக் கேட்டாலே அத்தைக்குக் கை நடுங்குகிறது.

மற்றவர்கள் இந்த மாதங்களை எப்படித் தள்ளினீர்கள்? வீட்டில் அவசரம் என்றால் போன் இல்லாதவரை எப்படிப் பிடிப்பது? பாப்பாவிடம் என்ன சொல்வது?

கொண்டலாம்பட்டி ஸ்டோக்கர்

கண்ணு, கப்பல் பெயரைப் போடாமல் எழுதியதற்கு முதலில் நன்றி. யார் எவ்வளவு நல்லவர் மாதிரி கேட்டாலும் போடாதே, ரிப்பேர் முடியும் தேதியையும் சொல்லாதே, பொங்கல் சித்திரை என்று போட்டதைக்கூட எடுத்துவிடலாம். 2019ல் தகவல் கசியவிட்டதாகக் கடற்படையினர் ஏழு பேர் கைதானார்கள். சமூக வலைத்தளத்தில் வந்து பேச்சுக் கொடுத்துத்தான் அவர்களை வளைத்திருந்தார்கள். அந்த டிசம்பரில்தான் கப்பலிலும் தளத்திலும் ஸ்மார்ட்போனுக்குத் தடை வந்தது. உன் வீட்டுக்காரர் போனை வாசலில் விட்டுவிட்டுப் போவதற்குக் காரணம் அது.

நான் 1986ல் சேர்ந்து 15 வருடம் இன்ஜின் ரூமில் கிடந்து 2001ல் வெளியே வந்தவன், ரீஃபிட் என்கிற இந்தப் பெரிய ரிப்பேர் மூன்று பார்த்திருக்கிறேன். கப்பல் நின்றுவிட்டால் ஆட்களுக்கு ஓய்வு என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஸ்டோக்கருக்கு, அதாவது இன்ஜின் ரூம் ஆளுக்கு, கடலில் ஓடும்போது இருப்பதைவிட ரீஃபிட்டில்தான் முதுகு ஒடியும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உனக்குப் பாதிக் கோபம் குறையும், அதனால் சொல்கிறேன். டிரை டாக் என்று பெரிய தொட்டி, அதற்குள் கப்பலை மிதக்கவிட்டுக் கொண்டுபோய் வாசலை அடைத்துத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள், கட்டைகள் மேல் கப்பல் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அடிப்பக்கம் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, புரொபெல்லர், ஷாஃப்ட், சுக்கான், கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்வுகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கழற்றிய பிறகுதான் எது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியும். ஓட்டு வீட்டில் உடைந்த ஓடு ஒன்றை மாற்ற ஏறினால் நான்கு ரீப்பர் உளுத்துப்போயிருக்குமே, அந்த மாதிரி. அந்தச் சாமான் வர வேண்டும், பூட்ட வேண்டும், துறைமுகத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க வேண்டும், அப்புறம் கடலுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். சிந்துகீர்த்தி நீர்மூழ்கி 2006ல் விசாகப்பட்டினத்தில் ரிப்பேருக்குப் போய் 2015ல்தான் வெளியே வந்தது. பயப்படாதே, எல்லாக் கப்பலுக்கும் அப்படி ஆவதில்லை. தேதி மாறிக்கொண்டே போவதில் உன் வீட்டுக்காரர் தப்பு ஒன்றும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இரவு டூட்டிக்குக் காரணம் தீ. ரிப்பேரின்போது கப்பலின் சொந்தப் பம்புகள் நின்றுபோயிருக்கும், தீயணைக்கும் தண்ணீரைக் கரையில் இருந்து குழாய் போட்டுத்தான் கொடுப்பார்கள். கதவுகள் வழியே கேபிளும் ஹோஸும் ஓடுவதால் சாத்தவும் முடியாது. வெல்டிங் எங்கே நடந்தாலும் தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள் நிற்க வேண்டும். 2020 ஜூலையில் அமெரிக்காவில் சான்டியாகோவில் ரிப்பேரில் இருந்த போனோம் ரிச்சர்ட் என்ற பெரிய போர்க்கப்பல் நான்கு நாளுக்கு மேல் எரிந்தது, கடைசியில் உடைத்துப்போட வேண்டியதாகிவிட்டது. மாமியாரிடம் ஆபத்தே இல்லை என்று சொல்லாதே, நம்ப மாட்டார்கள். தீ வராமல் பார்ப்பதற்காகத்தான் உங்கள் மகன் இரவெல்லாம் முழித்துக்கொண்டு நிற்கிறான் என்று சொல்.

அவசரத்துக்கு: ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு டிவிஷனல் ஆபீசர் உண்டு, அவனுடைய குடும்ப விஷயத்தைக் கவனிப்பதும் அவர் பொறுப்புதான். அவர் பெயரையும், இரவில் கப்பலில் யார் போனை எடுப்பார்களோ அந்தக் கரை நம்பரையும் வீட்டுக்காரரிடம் இன்றைக்கே கேட்டு ஒரு தாளில் எழுதி வை. அதே தாளில் அவர் சர்வீஸ் நம்பர், ரேங்க். போன் செய்யும்போது அழாமல் யாருக்கு என்ன ஆயிற்று, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று சொன்னால் லீவுக்கு அவர்கள் ஏற்பாடு செய்வது சுலபம். வழி எதுவும் தெரியாவிட்டால் சேலத்திலேயே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, பணியில் இருப்பவர்கள் குடும்பமும் போகலாம். என் காலத்தில் தந்தி கொடுப்போம், அது 2013 ஜூலையோடு போயிற்று.

நாலு ரோடு அக்கா

ஸ்டோக்கர் அண்ணா சொன்னதற்கு மேல் வேலையைப் பற்றி எனக்குத் தெரியாது, வீட்டுப் பக்கம் சொல்கிறேன். எனக்கு இது 17வது வருடம் தங்கச்சி.

‘எப்போ வர்றீங்க’ என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். அவருக்கே தெரியாத ஒன்றைத் தினமும் கேட்டால் போனை எடுக்கவே கை வராது, நாங்கள் ஒரு முறை ஒன்பது நாள் பேசாமலே இருந்தது இப்படித்தான். வீட்டு விஷயம் சொல்லுங்கள். தறிக்காரர் பாவு கொண்டுவந்தார், பாப்பா சோற்றைப் பூனைக்குப் போட்டாள், மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது, யாரைக் கூப்பிடலாம். ‘யாரைக் கூப்பிடலாம்’ என்பது முக்கியம். வீட்டில் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். பகலில் தோன்றும்போதெல்லாம் வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பிவிடுங்கள், இரவு வெளியே வந்ததும் மெஸ்ஸுக்கு நடந்துகொண்டே கேட்பார். பாப்பா குரலும் அதில் இருக்கட்டும். கப்பலைப் பற்றி மட்டும் எதுவும் வேண்டாம்.

நான் செய்த தப்பு ஒன்று சொல்கிறேன். அவர் கப்பல் ரிப்பேரில் இருந்தபோது என் அப்பாவுக்கு இங்கே ஆபரேஷன். அங்கே தலைக்கு மேல் வேலை, எதற்குச் சொல்ல வேண்டும் என்று மறைத்தேன். சித்தப்பா மகன் போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்து அவருக்குத் தெரிந்தது. வந்த பிறகும் மாதக்கணக்கில் நான் எது சொன்னாலும் ‘வேறென்ன மறைக்கிற’ என்றே கேட்டார், எனக்கு நெஞ்சு வெந்தது. நல்லதோ கெட்டதோ உங்கள் வாயால் முதலில் சொல்லிவிடுங்கள்.

பாப்பாவிடம் பண்டிகைப் பெயர் சொல்லாதீர்கள். என் மகனுக்கு நான் சொன்னது, ‘அப்பா கப்பலுக்கு உடம்பு சரியில்லை, நல்லா ஆனதும் வருவார்.’ ஒரு டப்பாவில் அப்பாவுக்குக் காட்ட வேண்டியதைப் போட்டு வைப்பான், சிப்பி, பள்ளிக்கூடத்தில் வரைந்த படம், விழுந்த பல். அவர் வந்த அன்று அவர் பெட்டியைத் திறக்கும் முன் அவன் டப்பாவைத்தான் திறந்தோம்.

முடிந்தால் ஒரு முறை நீங்களே போய் வாருங்கள், அவர் லீவுக்குக் காத்திருக்க வேண்டாம். வைசாக் என்றால் ஆலப்புழா தன்பாத் வண்டி சேலம் வழியாகவே போகிறது, கொச்சி என்றால் ராத்திரி ஏறினால் காலையில் எர்ணாகுளம், மும்பை என்றால் குர்லா எக்ஸ்பிரஸ். பகலெல்லாம் அறையில் நீங்களும் பாப்பாவும்தான் இருப்பீர்கள், சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவர் கிடைப்பார். அந்த இரண்டு மணி நேரத்துக்காகப் போகலாம். கடற்படைக் குடும்பங்களுக்கான நலச் சங்கமான என்டபிள்யூடபிள்யூஏ பெண்கள் அங்கேயும் இருப்பார்கள், தங்க இடம் விசாரிக்க அவர்களிடம் கேளுங்கள்.

வாழவந்தி தோட்டம்

அம்மா, உங்கள் மாமியாருக்காக எழுதுகிறேன். என் பையன் அக்னிவீர், சில்காவில் பயிற்சி முடித்துவிட்டுக் கப்பலில் இருக்கிறான். வருடத்துக்கு 30 நாள்தான் லீவு. எங்களுக்கும் வீட்டில் சிக்னல் கிடையாது, மழை பிடித்தால் மேட்டிலும் கிடையாது. முதல் ஆறு மாதம் அவன் கூப்பிடும்போது நாங்கள் காட்டில் மிளகு பறித்துக்கொண்டிருப்போம், நாங்கள் கூப்பிடும்போது அவன் டூட்டியில் இருப்பான், அவன் அம்மா சோறு சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப்போனாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு சந்தைக்குப் போகும்போது ஏரிப் பக்கம் நின்று அவனுக்குக் காத்திருப்போம். அவனுக்கு டூட்டி விழுந்தால் முந்தின நாளே என் தங்கைக்குச் செய்தி போட்டுவிடுவான். இந்த நாள், இந்த இடம் என்று இருப்பதால் மற்ற ஆறு நாளும் அவன் அம்மா போனைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை.

கடிதமும் எழுதச் சொல்லுங்கள். கப்பல் பெயர் போட்டு ஃப்ளீட் மெயில் ஆபீஸ் மேற்பார்வை என்று எழுதினால் கப்பல் எங்கே இருந்தாலும் போய்ச் சேருகிறது. என் மனைவிக்கு எழுத வராது, பேத்தி எழுதுகிறாள். பையன் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்திருக்கிறானாம்.

வர்ஜீனியாவில் ஒரு சேலத்துக்காரன்

நான் இருக்கும் ஊர்ப் பக்கம்தான் நியூபோர்ட் நியூஸ், ஜார்ஜ் வாஷிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 2017 ஆகஸ்டில் பெரிய ரிப்பேருக்கு வந்து 2023 மே மாதம்தான் முடிந்தது. திட்டம் நான்கு வருடம். தட்டல், சத்தம், தூசிக்கு நடுவிலேயே இளம் மாலுமிகள் கப்பலில் தங்கியிருந்தார்கள். 2022 ஏப்ரலில் சில நாள் இடைவெளியில் மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், அதன் பிறகுதான் உள்ளே தங்கியிருந்தவர்களைக் கரைக்கு மாற்றினார்கள். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ரிப்பேர் காலம் மனதுக்கு எவ்வளவு பாரம் என்று வெளியே இருக்கும் நமக்குத் தெரிவதில்லை. அவர் எரிந்து விழுந்தால் பரவாயில்லை, பேச்சே குறைந்து, எதிலும் பிடிப்பு இல்லாத மாதிரி தெரிந்தால் அண்ணா சொன்ன அந்த டிவிஷனல் ஆபீசருக்குத் தயங்காமல் போன் செய்யுங்கள். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்று பார்க்க வேண்டாம்.

இங்கே 1970ல் இருந்து ஒவ்வொரு கப்பலுக்கும் ஓம்பட்ஸ்மன் என்று ஒருவர், பெரும்பாலும் மாலுமி ஒருவரின் மனைவி, கேப்டனுக்கும் குடும்பங்களுக்கும் நடுவில் இருப்பார். உங்கள் கப்பலின் மற்ற மனைவிமார் இரண்டு பேர் நம்பராவது வைத்துக்கொள்ளுங்கள். டிவியில் ஏதாவது வந்தால் முதலில் அவர்களைக் கூப்பிடலாம்.

தறிவீட்டுப் பெண், அம்மாப்பேட்டை

எல்லோருக்கும் நன்றி, இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். தாள் எழுதிச் சாமி படத்துக்குப் பின்னால் ஒட்டியாயிற்று. தேதி கேட்பதை நிறுத்தினேன், நான்காவது நாள் அவரே ‘என்ன நீ கேக்கவே மாட்டேங்கிற’ என்றார், அப்புறம் அரை மணி நேரம் பேசினார், மோட்டார் ஒன்று திரும்பத் திரும்பப் படுத்துவதாகவும், ஜூனியர் பையன் ஒருவனை எண்ணி இவருக்குக் கவலை என்றும். இத்தனை வருடத்தில் வேலையைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியது இதுதான் முதல் முறை.

அத்தையை ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குக் கூட்டி வரச் சொல்லி மச்சாண்டார் மகனிடம் சொன்னேன். அவர் வீடியோவில் வந்ததும் அத்தை ஒன்றும் பேசாமல் ‘இளச்சுட்ட சாமி’ என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாராம். பாப்பா டப்பாவில் இதுவரை தறியில் அறுந்த ஜரிகை, ஒரு புளியங்கொட்டை, அவள் தலைமுடி கொஞ்சம்.

இன்னொன்று கேட்க வேண்டும். அத்தை தோட்டத்துக் காபித்தூளும் இங்கிருந்து தட்டுவடையும் மல்கோவாவும் அனுப்பலாம் என்று இருக்கிறேன், போய்ச் சேருமா?

கொண்டலாம்பட்டி ஸ்டோக்கர்

மாம்பழம் வேண்டாம் கண்ணு, நாறிவிடும். காபித்தூளை இரண்டு கவருக்குள் போட்டு டப்பாவில் அடை. தட்டுவடையைச் சும்மா அனுப்பினால் மாவாகத்தான் போகும், எவர்சில்வர் தூக்கில் காகிதம் வைத்து அடுக்கு. மெஸ்ஸில் எல்லோரும் பங்குக்கு வருவார்கள், இரண்டு பங்காகவே போடு. அந்த ஜூனியர் பையனுக்குத் தனியாக ஒரு பொட்டலம் அவன் பெயர் எழுதி வை.