யூஎஸ்பி ஜிபிஎஸ் மாட்டியும் லேப்டாப் நேரம் அரை விநாடி வரை தப்புகிறது

இரவுவானம்:
வணக்கம். சிறுகோள் ஒன்று விண்மீனை மறைக்கும்போது, அந்த மறைப்பு தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் வீடியோவில் பதிவு செய்கிறேன். நிழல் தரையில் விநாடிக்கு 15 கி.மீ. ஓடுகிறது என்றால், கடிகாரம் பத்தில் ஒரு பங்கு விநாடி தப்பினாலே சிறுகோளின் விளிம்பு ஒன்றரை கி.மீ. தள்ளிப் போய்விடும். வேறு ஊரிலிருந்து பார்ப்பவரின் பதிவோடு என் பதிவைச் சேர்த்துத்தான் அதன் வடிவத்தை வரைய முடியும். அதனால் நேரத்தில் சமரசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நான் பார்க்கும் இடம் ஜவ்வாது மலையில். அங்கே போன் சிக்னல் கிடையாது. எனவே யூஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்று வாங்கி விண்டோஸ் லேப்டாப்பில் செருகினேன். வீட்டில் இணைய நேரத்தோடு ஒப்பிட்டால் ஒரு சமயம் கால் விநாடி பின்தங்குகிறது, இன்னொரு சமயம் அரை விநாடியைத் தொடுகிறது. மேலே அணுக் கடிகாரம் ஓடுகிறது. இங்கே வந்து சேர்வதற்குள் அது எங்கே கெடுகிறது?

சிற்றலை:
நான் ஹாம் ரேடியோவில் எஃப்டி8 என்ற டிஜிட்டல் செய்தி முறையை இயக்குகிறேன். அதற்கு ஒரு விநாடிக்குள் இருந்தால் போதும், உங்களிடம் இருப்பது மாதிரியான யூஎஸ்பி ஜிபிஎஸ்ஸே தாராளம். உங்கள் வேலைக்கு அது உதவாது. பிபிஎஸ் என்ற விநாடித் துடிப்பு வெளியே வரும் ரிசீவராகப் பாருங்கள்.

பழைய எக்ஸ்சேஞ்ச்:
தம்பி, கெடுவது கடைசி ஒரு முழம் வயரில்தான். ரிசீவர் உள்ளே நேரத்தை மிகச் சரியாகத்தான் வைத்திருக்கிறது. அதை என்எம்இஏ என்ற எழுத்து வரிகளாக்கி, பெரும்பாலும் 9600 பாட் வேகத்தில் அனுப்புகிறது. அந்த வேகத்தில் ஒரு எழுத்து போக ஒரு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். இருப்பிடத்தைக் கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் வரிகளை அனுப்பத் தொடங்கும். எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறதோ அதற்கேற்ப வரிகளின் நீளமும் மாறும். தாமதம் நிலையாக இருந்தால் கழித்துவிடலாம். இது கூடிக் குறைவதுதான் தொல்லை.

சிற்றலை சொன்ன பிபிஎஸ் என்பது விநாடிக்கு ஒரு மின்துடிப்பு, தனி வயரில் வருவது. அது எழும்பும் கணமே விநாடியின் தொடக்கம். நியோ 6எம் போன்ற சாதாரண ஜிபிஎஸ் மாட்யூலில்கூட அது நானோ விநாடிக் கணக்கில் சரியாக இருக்கும். எழுத்து வரி ‘இது எந்த விநாடி’ என்று சொல்கிறது, துடிப்பு ‘இதோ இப்போது’ என்கிறது. இரண்டும் வேண்டும்.

உங்கள் லேப்டாப்பில் பழைய ஒன்பது பின் சீரியல் போர்ட் இருக்காது. யூஎஸ்பி வழியாகத் துடிப்பைக் கொண்டுவந்தாலும் மில்லி விநாடி அளவில் தடுமாறும். ஆகவே நடுவில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை வையுங்கள். மாட்யூல் வாங்கும்போது ஐந்து பின் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். நான்கு பின் போர்டில் பிபிஎஸ் வெளியே வராது. துடிப்பு வயரைப் பையின் ஜிபிஐஓ 18 என்ற பின்னில் இணைத்து, பூட் அமைப்பில் பிபிஎஸ் வசதியை இயக்குங்கள். பையின் பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும், 5 வோல்ட் துடிப்பை நேராகக் கொடுத்துவிடாதீர்கள். எழுத்து வரிகளை ஜிபிஎஸ்டி என்ற மென்பொருள் படிக்கட்டும், கடிகாரத்தை கிரோனி என்ற மென்பொருள் திருத்தட்டும். கிரோனியில் எழுத்து வரியைத் தனியாகத் தேர்ந்தெடுக்காதபடி குறித்துவிட்டு, துடிப்பை அதோடு பிணைக்க வேண்டும். பையிலிருந்து லேப்டாப்புக்கு நேராக ஒரு நெட்வொர்க் கேபிள். விண்டோஸிலேயே இருக்கும் நேரச் சேவையை நம்பாமல் நெட்வொர்க் வழியாக நேரம் வாங்கும் என்டிபி மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் லேப்டாப் ஓரிரு மில்லி விநாடிக்குள் நிற்கும்.

இரவுவானம்:
மிக்க நன்றி அண்ணா. பையில் பேட்டரிக் கடிகாரம் இல்லையே. மலையில் இணையமில்லாமல் ஆன் செய்தால் தேதியே தப்பாக இருக்குமே?

பழைய எக்ஸ்சேஞ்ச்:
ஆன் செய்தவுடன் தப்பாகத்தான் இருக்கும். செயற்கைக்கோள் பிடிபட்டதும் எழுத்து வரியிலிருந்து தேதி வந்துவிடும். தொடக்கத்தில் கடிகாரத்தை ஒரேயடியாக நகர்த்த கிரோனிக்கு அனுமதி கொடுத்து வையுங்கள்.

இதைவிட முக்கியமாக முழு விநாடியைச் சரிபாருங்கள். எழுத்து வரியின் தாமதத்தை கிரோனியில் சரியாகக் குறிக்காவிட்டால், துடிப்பு பக்கத்து விநாடியோடு ஒட்டிக்கொள்ளும். திரையில் எல்லாம் மைக்ரோ விநாடியில் அழகாகத் தெரியும், நேரமோ சரியாக ஒரு விநாடி தவறி நிற்கும். வீட்டில் இணையம் இருக்கும்போதே இதைப் பார்த்துத் திருத்திவிடுங்கள். ஜிபிஎஸ் நேரம் 2017 முதல் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முன்னால் ஓடுகிறது. அந்த எண்ணும் வானிலிருந்துதான் வர வேண்டும், செயற்கைக்கோள் அனுப்பும் முழுச் செய்தி ஒரு சுற்று வர பன்னிரண்டரை நிமிடம் ஆகும். மறைப்புக்கு அரை மணி நேரம் முன்பே ஆன் செய்து, ஆன்டெனாவைத் திறந்த வானத்தின் கீழ் வைத்துவிடுங்கள்.

நிழல்பாதை:
நானும் மறைப்புகளைப் பதிவு செய்பவன். லேப்டாப் கடிகாரம் சரியானதும் வேலை முடிந்ததாக எண்ணிவிட வேண்டாம். கேமரா ஒளியைச் சேர்த்து, படத்தைப் படித்து, யூஎஸ்பியில் அனுப்பி, மென்பொருள் அதை வாங்கிய பிறகுதான் பெரும்பாலும் நேர முத்திரை விழுகிறது. அந்த இடைவெளி பல பத்து மில்லி விநாடி வரை போகும்.

அதை அளக்க அதே பிபிஎஸ் துடிப்பைப் பயன்படுத்தலாம். ஒரு டிரான்சிஸ்டர் வழியாக மங்கலான எல்இடியை இயக்கி, தொலைநோக்கியின் வாய்ப்பக்கம் ஒட்டுங்கள். ஒவ்வொரு விநாடியின் தொடக்கத்திலும் அது எரியும், நியோ 6எம்மில் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு விநாடி. முதலில் வெளிச்சம் விழுந்த படத்தின் முத்திரை முழு விநாடியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தால் உங்கள் கேமராவின் தாமதம் தெரிந்துவிடும். மறைப்புக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடம் இப்படிப் பதிவு செய்யுங்கள். எக்ஸ்போஷரும் படத்தின் அளவும் இரண்டு முறையும் ஒன்றாக இருக்கட்டும், அவற்றை மாற்றினால் தாமதமும் மாறும். உங்கள் கேமராவில் இருப்பது வரிசை வரிசையாகப் படிக்கும் ரோலிங் ஷட்டர் சிமாஸ் சென்சார் என்றால் மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒரே நேரத்தில் படிக்கப்படுவதில்லை. விண்மீன் எந்த வரிசையில் விழுகிறதோ அந்த வரிசையில் எல்இடி வெளிச்சம் எப்போது தொடங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.