டிசைன் அடிப்படை: கிராஃபிக்ஸா, என்ஜினியரிங் டிராயிங்கா?

வியாசர்பாடி தம்பி:
மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு மணலி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன், மாலையில் பிரிண்டிங் கடையில் நோட்டீஸ், போஸ்டர் வேலை. இரண்டுக்கும் உதவுகிற மாதிரி ஆன்லைனில் படிக்க வேண்டும், அதிகம் செலவழிக்க முடியாது. எதில் தொடங்கலாம்?

ராயபுரம் அக்கா:
தம்பி, முதலில் எழுத்தும் இடைவெளியும். இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருள் இலவசம், அதுவே போதும். ஆனால் ஆங்கில கோர்ஸில் சொல்கிற வரி இடைவெளியை அப்படியே தமிழுக்கு வைத்தால் மேல்வரியின் ‘கு’, ‘மூ’ கீழே இறங்கி அடுத்த வரியின் ‘கி’, ‘தீ’ மேல் இடிக்கும், கொஞ்சம் தாராளமாக விடுங்கள். நோட்டீஸுக்குச் சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நிறம் நீளும் ஓரம்) விட்டு, நிறத்தை சிஎம்ஒய்கே-யில் (அச்சின் நான்கு மை நிறங்களில்) பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள். திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை காகிதத்தில் மங்கிவிடும்.

திருவொற்றியூர் ஃபிட்டர்:
டிராயிங்குக்கு என்பிடெல் என்கிற ஆன்லைன் பாடத்தளம் பாருங்க. ஐஐடி பேராசிரியர்களின் பாடம், பார்க்கக் காசில்லை, சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். அமெரிக்க கோர்ஸ் எடுத்தால் ஒன்றைக் கட்டாயம் கவனிக்கணும்: வியூக்களை அடுக்கும் முறையில் அவர்கள் தேர்டு ஆங்கிள், நம் பாடத்திட்டம் ஃபர்ஸ்ட் ஆங்கிள். நமக்கு டாப் வியூ ஃப்ரண்ட் வியூவுக்குக் கீழே வரும், அவர்களுக்கு மேலே. சைடு வியூவும் இடம் மாறும். டைட்டில் பிளாக்கில் (டிராயிங்கின் விவரப் பெட்டியில்) எந்த ஆங்கிள் என்று காட்டும் கூம்புக் குறியைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால் துளை எதிர்ப்பக்கம் விழும், பீஸ் வீண்தான்.

வியாசர்பாடி தம்பி:
நன்றி அக்கா, அண்ணா. ஃப்ரீகேட் என்கிற இலவச டிசைன் மென்பொருளில் இரண்டு ஆங்கிளும் வருமா?

திருவொற்றியூர் ஃபிட்டர்:
வரும். அதன் டிராயிங் பகுதியான டெக்டிராவில் மாற்றிக்கொள்ளலாம்.