‘அனுப்புங்க’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

நொய்யல்கரை: திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதக் கற்றுத்தருகிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ‘ப்ளீஸ் சென்ட் த அப்ரூவல் டுடே’ என்று எழுதிவிட்டு, ப்ளீஸ் போட்ட பிறகு மரியாதைக்கு என்ன குறை என்கிறார்கள். ‘குட் யூ’ (Could you) என்று தொடங்கச் சொன்னால், இன்றைக்கே வேண்டியதை முடியுமா என்று கேட்பானேன் எனச் சிரிக்கிறார்கள். கேட்கும் முறையையும் இலக்கணத்தோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பேன்.

பவானிக்காரன்: எனக்கு உடன்பாடில்லை. நம் பக்கத்தில் ‘அனுப்புங்க’ என்னும்போதே வினையின் வாலில் மரியாதை வந்துவிடுகிறது. ‘சரிங்க’, ‘இல்லீங்க’, ‘ஏனுங்க’ என்று விடைக்கும் விளிக்கும்கூட அதையே ஒட்டுகிறோம். பக்கத்து வீட்டாரிடம் போய் ‘தயவுசெய்து கடப்பாரையைத் தர இயலுமா’ என்று கேட்டுப் பாருங்கள், என்ன மனத்தாங்கலோ என்று பயந்துவிடுவார்கள். சுற்றிவளைப்பதே பணிவு என்பது வெள்ளைக்காரர் அளவுகோல்.

நொய்யல்கரை: மொழியியலாளர்களான பிரௌனும் லெவின்சனும் 1978இல் முன்வைத்து 1987இல் தனி நூலாக்கிய பணிவுக் கோட்பாட்டுக்கு, ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் ட்செல்டால் மொழியோடும் சான்றாக எடுத்துக்கொண்டது நம் கோவை மாவட்டத்துக் கிராமத் தமிழைத்தான். ‘சென்ட்’ என்ற ஒரே சொல் ‘அனுப்பு’, ‘அனுப்புங்க’ இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால், உங்கள் ‘ங்க’ செய்யும் வேலையை அங்கே ‘குட் யூ’ செய்கிறது. பையர் காதில் ப்ளீஸ் மட்டும் போட்ட வாக்கியம், கொஞ்சம் மெதுவாகச் சொன்ன ‘அனுப்பு’தான்.

பவானிக்காரன்: அந்தக் கணக்கில் சொன்னால் ஏற்கிறேன். ஆனாலும் கற்பவரே எப்போதும் வளைய வேண்டுமா? கேட்பவரும் சற்று அறிந்துகொள்ளலாமே.

சாயப்பட்டறை: இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டறையில் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் சூப்பர்வைசரிடம் ‘அண்ணா, சாவி குடு’ என்றதும் திமிர் என்று எல்லோரும் பேசினார்கள். பெரியவர்களை ‘ஆபண’ (நீங்கள்) என்று அழைக்கும் மொழியில் வளர்ந்தவருக்கு மரியாதை தெரியாமல் இருக்குமா? நான்கு ஆண்டுகளாக அவரை நோக்கிச் சொல்லப்பட்ட தமிழே ‘எடு’, ‘குடு’, ‘வா’ என்பதுதான். கேட்டதைத்தான் அவர் கற்றிருக்கிறார்.

நொய்யல்கரை: பட்டறையில் ஒருவர்கூட அவரிடம் ‘குடுங்க’ என்று சொன்னதில்லையா?

சாயப்பட்டறை: நானே சொன்னதில்லை. போன வாரம் முதன்முறையாக ‘அந்த வாளியைக் குடுங்க’ என்றேன். யாரிடம் கேட்கிறேன் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.