‘சமவாய்ப்பு ரோந்து’ வேண்டாம், ‘குலுக்கல் ரோந்து’ சரிவருமா?

அண்ணா, வணக்கம்.

காட்டுக் காவலர் எந்த நாளில் எந்தத் தடத்தில் போவார் என்று வேட்டைக்காரன் ஊகிக்க முடியாதபடி கணக்கிட்டுப் போடும் ரோந்துக்கு (randomized patrol) நீங்கள் சொன்ன ‘சமவாய்ப்பு ரோந்து’ பாடப்புத்தக வழியில் சரிதான், சமவாய்ப்பு மாறி என்று படித்து வந்தவர்கள்தானே நாம். ஆனால் இங்கே அது பொருளையே திருப்பிவிடுகிறது. எல்லாத் தடத்துக்கும் சமமாக வாய்ப்புக் கொடுப்பதல்ல இந்தக் கணக்கு. விலங்கு எங்கே கூடுகிறது, முன்பு எங்கே விலங்கைப் பிடிக்கும் சுருக்குக் கண்ணி கிடைத்தது என்று பார்த்து, நீர்நிலைக்குக் கூடுதல் வாய்ப்பு, வெற்று மேட்டுக்குக் குறைவு. ஆனாலும் எந்த நாளில் எங்கே ஆள் வரும் என்பது வேட்டைக்காரனுக்குப் பிடிபடக் கூடாது.

மசினகுடியில் ஊர் எல்லையோரம் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரோடு நடந்தபோது, உண்ணிச்செடிப் புதரைக் கம்பால் விலக்கிக் காட்டினார். முழங்கால் உயரத்தில் பைக் கிளட்ச் கம்பியில் ஒரு சுருக்கு, புள்ளிமான் தலை நுழையும் அளவுக்கு. “தினம் ஒரே தடத்துல போனா நம்ம கால்தடத்தப் பாத்துட்டுதான் தம்பி வைப்பான்” என்றார். ஸ்டாக்கல்பர்க் என்ற பொருளியலாளர் 1934-இல் வணிகப் போட்டிக்குச் சொன்ன கணக்கும் இதேதான்: ஒருவர் முந்தி நகர்கிறார், மற்றவர் அதைப் பார்த்துத் தன் நகர்வைத் தீர்மானிக்கிறார்.

2007-இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையக் காவலுக்கு இதைப் பயன்படுத்திய கணினி அறிவியலாளர் மிலிந்த் தாம்பேயின் குழுதான் பின்னர் ரோந்து வழி போட்டுத் தரும் ‘பாஸ்’ (PAWS) என்ற மென்பொருளைக் காட்டுக்குக் கொண்டுவந்தது. 2014-இல் உகாண்டாவில் சோதித்தார்கள். மலேசியச் சோதனையில் அது போட்ட வழி மேடு பள்ளத்தைக் கணக்கில் எடுக்கவில்லை, நடந்தவர்கள் திணறினார்கள், அப்புறம்தான் மலைமுகடு, ஓடை எல்லாம் சேர்ந்தன. மாயாற்றுப் பள்ளத்தாக்கை அறிந்த நமக்கு இது சொல்லாமலே புரியும்.

அதனால்தான் ‘குலுக்கல் ரோந்து’ என்கிறேன். உத்திரமேரூர்க் குடவோலையை நினைத்துக்கொள்ளுங்கள். பானையில் நீர்நிலையின் பெயரில் ஐந்து ஓலை, மேட்டின் பெயரில் ஒன்று. குலுக்கி எடுத்தால் எது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நீர்நிலை அடிக்கடி வரும். ‘குலுக்கல்’ என்றால் பரிசுச் சீட்டு நினைவு வருகிறது என்று அக்கா எழுதியிருந்தார். வரட்டுமே, காவலருக்கு ஒரே மூச்சில் விளங்குகிற சொல் அதுதான். ‘சுற்றுக்காவல்’ நல்ல தமிழ், ஆனால் முகாமில் எல்லோரும் ரோந்து என்றுதான் சொல்கிறார்கள், அது இருக்கட்டும்.

ஒன்றுதான் உதைக்கிறது. ஓர் இடத்துக்கு எத்தனை ஓலை என்ற அந்த எண்ணுக்கு என்ன பெயர்? ‘நிறை’ (weight) என்றால் நிறைவு என்று குழம்புவார்கள். ‘ஓலைப்பங்கு’ போதுமா, வேறு ஏதாவது தோன்றுகிறதா அண்ணா?