புதுப்பிப்பு: குளிர் ஏரியில் கயாக், போய்விட்டு வந்தாச்சு

கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போகும்போது ஏரித் தண்ணீர் 5 டிகிரியில் இருந்தால் வெட்சூட் (உள்ளே நனைந்தாலும் சூட்டைக் காக்கும் உடை) போதுமா, டிரைசூட் (தண்ணீரே உள்ளே புகாத உடை) வேண்டுமா என்று இங்கே முன்பு கேட்டிருந்தேன். டிரைசூட்தான் என்று அடித்துச் சொன்னீர்கள். வாடகைக்கு எடுத்தோம், நல்லவேளை.

நான்கு பேர், இரண்டு இரவு. முதல் நாள் காலை ஏரி அசையாமல் கிடந்தது. குறுக்கே நேராகப் போய்விடலாம் என்று எனக்கு ஆசைதான். ஆனாலும் கரையை ஒட்டியே துடுப்புப் போட்டோம். மதியம் காற்று கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் முழங்கால் உயர அலை.

கரையிறங்கும்போது ஒரு நண்பன் கவிழ்ந்தான். உடம்பு நனையவில்லை. ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டதுமே மூச்சு இழுத்துக்கொண்டது, பேச்சே வரவில்லை. முதல் 1 நிமிடம் மூச்சைச் சமாளிக்க வேண்டும், அப்புறம் கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம்தான் என்று படித்தது அப்போதுதான் உறைத்தது.

அடுப்பும் சோதித்தது. அதன் எரிவாயுவான பியூட்டேன், குளிர் பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாகாது. சிலிண்டரை ஜாக்கெட்டுக்குள் அணைத்து வைத்திருந்த பிறகே காபி. தண்ணீர் வடிகட்டியும் என்னோடுதான் தூங்கியது. உறைந்தால் உள்ளிருக்கும் நுண்குழாய்கள் விரிசல் விடும், வெளியே தெரியவே தெரியாது.

கையுறைதான் இன்னும் தீராத தலைவலி. தடித்த நியோப்ரீன் (ரப்பர் போன்ற பொருள்) கையுறையோடு ஸ்ப்ரே ஸ்கர்ட்டின், அதாவது தண்ணீர் புகாமல் கயாக்கின் இருக்கைத் துளையை மூடும் விரிப்பின், கழற்றும் பட்டையைப் பிடித்து இழுக்க மூன்று முறை தடவினேன், அதுவும் தரையில் உட்கார்ந்து. யாராவது இதற்கு வழி கண்டிருந்தால் சொல்லுங்கள்.